கட்டுரைப் பட்டியலும் மேற்கோள் எண்ணிக்கையும்: மூலக்கூற்று உயிரியல் படிக்கிறவர்களுக்கு

மேற்பார்வையாளரைத் தேடும் மாணவர் முதலில் செய்வது, அந்த ஆய்வாளரின் பெயரைக் கூகுள் ஸ்கொலரில் தட்டிப் பார்ப்பதுதான். பக்கவாட்டில் மூன்று எண்கள் வரும்: மொத்த மேற்கோள், எச் சுட்டெண், ஐ10 சுட்டெண். பேராதனையிலோ பதுளை ஊவா வெல்லஸ்ஸவிலோ பட்டம் முடித்து, முதுமாணிக்கும் கலாநிதிப் பட்டத்துக்கும் இடம் தேடுகிற நம் மலையகப் பிள்ளைகள் பலர் அந்த மூன்று எண்களோடு நின்றுவிடுகிறார்கள். சில வருடங்களில் அதே மூன்று எண்களை வைத்து மற்றவர்கள் இவர்களை எடைபோடுவார்கள். அவை எப்படி உண்டாகின்றன, எங்கே பிசகுகின்றன என்று தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால், பிறர் பட்டியலைச் சரியாக வாசிக்கலாம், தம் பட்டியலையும் சிதறவிடாமல் காக்கலாம்.

எச் சுட்டெண்ணை 2005 இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர். கணக்கு எளிது. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கவேண்டும். வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் உள்ள கடைசி இடம் எதுவோ, அதுதான் எச். உதாரணத்துக்கு ஒன்பது கட்டுரைகள்: 41, 22, 15, 9, 6, 6, 3, 1, 0. ஆறாவது கட்டுரைக்கு 6 மேற்கோள் இருக்கிறது; ஏழாவதுக்கு 3 தான். எனவே எச் 6. பத்தும் அதற்கு மேலும் பெற்றவை மூன்று, ஆகவே ஐ10 சுட்டெண் 3. மொத்தம் 103.

இப்போது ஐந்தாவது, ஆறாவது கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள்களில் இரண்டிரண்டு அந்த ஆய்வாளரே தன் பிந்திய கட்டுரைகளில் கொடுத்தவை என்று வைத்துக்கொள்வோம். அவற்றைக் கழித்தால் மொத்தம் 99 ஆகிறது, நான்குதான் குறைவு. ஆனால் வரிசை 41, 22, 15, 9, 4, 4, 3, 1, 0 என்று மாறி, எச் 6 இலிருந்து 4 க்கு இறங்கிவிடுகிறது. சிறிய எண்களில் எச் இவ்வளவு தளம்பும். ஆய்வைத் தொடங்கி ஐந்தாறு வருடமான இருவரை எச் 5, எச் 7 என்று வைத்து ஒப்பிடுவதில் எந்தப் பொருளும் இல்லை.

தன்னைத் தானே மேற்கோள் காட்டுவது குற்றம் என்று இதற்குப் பொருள் அல்ல. முன்பு தானே வடிவமைத்த பிரைமரை (டிஎன்ஏயைப் பெருக்கத் தொடக்கமாக இடும் சிறு துண்டை), தானே விருத்தி செய்த பிரித்தெடுப்பு முறையை அடுத்த கட்டுரையில் பயன்படுத்தினால் பழையதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் சுய மேற்கோளை நீக்கிப் பார்க்கும் வசதி உண்டு, இணை ஆசிரியர்களின் சுய மேற்கோளையும் சேர்த்து நீக்கலாம். கூகுள் ஸ்கொலரில் அது இல்லை. நீக்கிய பிறகும் எண்ணிக்கை பெரிதாக மாறாவிட்டால் அந்தப் பட்டியல் உறுதியானது.

வயதையும் கணக்கில் எடுக்கவேண்டும். எச் சுட்டெண் ஏறும், இயல்பில் இறங்காது. ஒருவர் ஆய்வை நிறுத்திப் பத்து வருடம் ஆனாலும் அது ஏறிக்கொண்டே போகலாம். அதனால்தான் ஹிர்ஷே எச்சை முதல் கட்டுரை வெளிவந்ததிலிருந்து கழிந்த வருடங்களால் வகுக்கச் சொன்னார். அவர் கணக்கில் அது 1 அளவில் இருந்தால் நல்ல விஞ்ஞானி. அது பௌதிகவியலுக்குச் சொன்னது. உயிரியல் துறைகளில் எச் உயர்ந்து நிற்கும் என்று அதே கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். அன்று உயிரியலில் முதலிடத்தில் இருந்த சொலமன் ஸ்னைடருக்கு அவர் கணித்த எச் 191. ஆகவே கணிதத்துறை விரிவுரையாளரின் எண்ணையும் மூலக்கூற்று உயிரியல் விரிவுரையாளரின் எண்ணையும் ஒரே தராசில் போடக்கூடாது.

ஒரே ஆளுக்கு மூன்று தளங்களில் மூன்று எண்கள் வருவதைக் கண்டு குழம்பத் தேவையில்லை. கூகுள் ஸ்கொலர் ஆய்வேடுகள், பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் கிடக்கும் பிடிஎஃப், முன்பதிப்பு, மாநாட்டுத் தொகுப்பு எல்லாவற்றையும் எண்ணும். ஸ்கோப்பஸ் தான் தெரிந்தெடுத்த சஞ்சிகைகள், மாநாட்டுத் தொகுப்புகள், நூல்களை மட்டும் எண்ணும். வெப் ஒஃப் சயன்ஸ் மையத் தொகுப்பு பொதுவாக அதைவிடவும் குறுகியது. இலங்கைச் சஞ்சிகைகளில் எழுதுகிறவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் அகலம். பேராதனையிலிருந்து வெளிவரும் சஞ்சிகையில் வந்த தேயிலைக் கட்டுரையை ஓர் உள்ளூர் முதுமாணி ஆய்வேடு மேற்கோள் காட்டினால் கூகுளில் அது ஒன்று, மற்ற இரண்டிலும் பூச்சியம். அதற்காகக் கூகுளின் எண் பொய்யாகிவிடாது. நம் மண்ணில் அந்த வேலை பயன்பட்டதன் தடயத்தை அது ஒன்றுதான் காட்டுகிறது. எந்தத் தளத்தில் எந்தத் திகதியில் எடுத்தது என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால்தான் தவறு.

எது மேற்கோள் பெறுகிறது

மூலக்கூற்று உயிரியலில் மேற்கோள்களை அள்ளுபவை பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல, செய்முறைகள். 2014 இல் நேச்சர் சஞ்சிகை வெப் ஒஃப் சயன்ஸ் தரவைக் கொண்டு, அதுவரை மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளை வெளியிட்டது. முதலிடம், ஒலிவர் லௌரியும் சகாக்களும் 1951 இல் எழுதிய புரத அளவீட்டுக் கட்டுரை, 3 இலட்சத்துக்கும் மேல். அடுத்தது லாம்லி 1970 இல் விவரித்த, புரதங்களை மின்சாரத்தால் ஜெல்லில் பிரிக்கும் முறை. மூன்றாவது பிராட்ஃபோர்டின் 1976 புரத அளவீடு. முதல் மூன்றும் ஆய்வுகூட மேசையில் தினம் புழங்குபவை. நான்காவது சாங்கர் குழுவின் 1977 டிஎன்ஏ வரிசையறி முறை. டிஎன்ஏயின் இரட்டைச் சுருளை அறிவித்த 1953 வாட்சன், கிரிக் கட்டுரை அந்த நூறில் இல்லை.

டிஎன்ஏ, புரத வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் மென்பொருளின் 1990 கட்டுரை, மரபணு வெளிப்பாட்டை எண்ணால் ஒப்பிட எல்லோரும் பயன்படுத்தும் டெல்டா டெல்டா சிடி கணக்கை விளக்கிய லிவாக், ஷ்மிட்கென் 2001 கட்டுரை ஆகியவையும் இதே வகை. ரியல் டைம் பிசிஆர் (டிஎன்ஏ பெருகப் பெருக அதை அளக்கும் முறை) செய்கிற எவரும் அந்தக் கணக்கைப் போட்டதும் அந்த இருவர் பெயரையும் எழுதுவார். அது பழக்கம். அவர்கள் கருத்தோடு உடன்படுகிறார்களா, மறுக்கிறார்களா என்ற கேள்வியே அங்கு எழாது.

தேயிலையில் வேலை செய்கிறவர்களுக்கு மிக நெருங்கிய உதாரணம் டொயில், டொயில் 1987. இலையிலிருந்து டிஎன்ஏ எடுக்கும் சீடேப் முறை என்றதும் எல்லோரும் காட்டும் கட்டுரை அது. தேயிலை இலையில் பொலிபீனோல் நிறைய உண்டு; இலையை அரைத்ததும் அது ஒட்சியேற்றமடைந்து கபிலமாகி டிஎன்ஏயோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிசிஆர் ஓடாது. அதைத் தடுக்கச் சீடேப் கரைசலில் பிவிபியும் மேர்கப்டோஎதனோலும் சேர்க்கிறார்கள். அந்த மாற்றத்தை எழுதுகிற ஒவ்வொரு கட்டுரையும் மூலமுறைக்கு ஒரு மேற்கோள் கொடுக்கும். அந்த மூலக் கட்டுரை வெளிவந்ததோ பைட்டோகெமிக்கல் புலட்டின் என்ற சின்னஞ்சிறு மடலில், ஐந்தே பக்கம். அதே ஆசிரியர்கள் 1990 இல் ஃபோகஸ் என்ற, இரசாயனப் பொருள் விற்கும் நிறுவனத்தின் இதழில் இன்னொரு வடிவத்தை எழுதினார்கள். எந்த இதழ் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை: பயன்படும் முறையை, திரும்பச் செய்யக்கூடியபடி எழுதினால் உலகம் தேடி வரும்.

ஆகவே ஒருவரின் பட்டியலில் மேற்கோள் உச்சத்தில் நிற்கும் மூன்று கட்டுரைகளையும் திறந்து பாருங்கள். அவை செய்முறையா, மீளாய்வுக் கட்டுரையா, மூல ஆய்வா? மீளாய்வுகள் மூல ஆய்வைவிட அதிகம் மேற்கோள் பெறும், ஏனெனில் அறிமுகப் பந்தியில் பத்துக் கட்டுரைகளுக்குப் பதில் ஒரு மீளாய்வைக் காட்டிவிடலாம். மொத்த மேற்கோளில் முக்கால்வாசி ஒரே கட்டுரையிலிருந்து வந்தால், அந்தக் கட்டுரையில் இவர் எத்தனையாவது பெயர் என்று பாருங்கள். நூறு பேர் சேர்ந்து எழுதிய மரபணுத்தொகுதிக் கட்டுரையில் நடுவில் ஒரு பெயராக இருப்பதும் உழைப்புத்தான். ஆனால் அந்த ஆய்வுகூடத்தில் உங்களுக்கு என்ன கற்றுத்தருவார்கள் என்பதை அது சொல்லாது.

துறையின் அளவும் முக்கியம். தேயிலையின் மரபணுத்தொகுதி முதலில் வெளிவந்தது 2017 இல், அசாம் வகைக்கு. 2018 இல் சீன வகைக்கு. ஏறத்தாழ 300 கோடி காரத்துணைகள் கொண்ட பெரிய தொகுதி அது. அந்த இரண்டையும் தேயிலை மூலக்கூற்று உயிரியலில் எழுதுகிற ஏறக்குறைய எல்லோரும் காட்டுகிறார்கள். ஆனால் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் விபி இனங்களில் (விதையால் அல்லாமல் தண்டுத் துண்டால் பெருக்குபவை) கொப்புள நோய் எதிர்ப்புக்கு மரபணுக் குறிகாட்டி தேடும் கட்டுரையை வாசிக்கிறவர்கள் உலகில் சில நூறு பேர்தான். அதற்கு 12 மேற்கோள் கிடைத்தால் அது நல்ல அறுவடை. புற்றுநோய் மரபணுவில் 12 என்றால் யாரும் கவனிக்கவில்லை என்று பொருள்.

இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யத்தான் துறைநிறைப்படுத்திய மேற்கோள் தாக்கம் என்ற அளவை ஸ்கோப்பஸ் தருகிறது. அதே ஆண்டில் அதே துறையில் வந்த அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரி 1.00. உங்கள் கட்டுரைக்கு 1.50 என்றால் சராசரியைவிட 50 சதவீதம் கூடுதல். ஐந்தாறு கட்டுரைகளே உள்ளவருக்கு இந்தச் சராசரியை நம்பாதீர்கள், ஒரே கட்டுரை அதை மேலே இழுத்துவிடும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் என்ற இலவசத் தளம் இதேபோல ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் தருகிறது, ஆனால் மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டில் உள்ள கட்டுரைகளுக்கு மட்டும். நம் பயிரியல் கட்டுரைகள் பல பப்மெட்டில் இல்லாததால் அங்கே தேடி ஏமாறவேண்டாம்.

பெயர் வரிசை

மூலக்கூற்று உயிரியலில் முதல் பெயர், ஆய்வுகூடத்தில் கையால் செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வுகூடத் தலைவருடையது. பெரும்பாலும் அவரே தொடர்பு ஆசிரியர். நடுவில் வருபவர்கள் பகுதிப் பங்களிப்பாளர்கள். கணிதத்திலும் பொருளியலிலும் அகரவரிசைப் பழக்கம் உண்டு, இங்கே கிடையாது. ஒருவரின் பட்டியலை வருட வாரியாக வாசிக்கும்போது ஆரம்ப வருடங்களில் முதல் பெயர், பிறகு மெல்ல மெல்லக் கடைசிப் பெயர் என்று நகர்ந்தால் அவர் தனி ஆய்வாளராக வளர்ந்திருக்கிறார். கடைசிப் பெயராக இருக்கும் கட்டுரைகளில் முதல் பெயர்கள் யார் யார் என்றும் பாருங்கள்: மாணவர்களின் பெயர்கள் அடிக்கடி முதலில் வருகிற ஆய்வுகூடம் மாணவருக்கு உரிய இடம் கொடுக்கும் ஆய்வுகூடம். மேற்பார்வையாளரைத் தெரிவதற்கு எச் சுட்டெண்ணைவிட இதை நான் மேலாக மதிக்கிறேன்.

பல சஞ்சிகைகள் இப்போது கிரெடிட் முறைப்படி 14 வகைப் பங்களிப்புகளில் யார் எதைச் செய்தார் என்று கேட்கின்றன. ஆய்வு தொடங்கும்போதே இதைப் பேசி, ஒரு மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பேசினால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

நம் பெயர்கள் எப்படிச் சிதறுகின்றன

மலையக ஆய்வாளர்களுக்கு மிகப் பெரிய இழப்பு இங்கேதான், அதுவும் முழுக்கத் தவிர்க்கக்கூடிய இழப்பு. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து, பிறகு சொந்தப் பெயர். சஞ்சிகையின் படிவமோ முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டிகளைத் தருகிறது. முத்தையா மகன் சிவகுமார் ஒரு தடவை கடைசிப்பெயரில் சிவகுமார் என்று போடுகிறார், பப்மெட்டில் 'சிவகுமார் எம்' என்று பதிகிறது. அடுத்த கட்டுரையை இணை ஆசிரியர் சமர்ப்பிக்கும்போது முத்தையாவைக் கடைசிப்பெயராக்க, 'முத்தையா எஸ்' என்று வேறொருவர் பிறக்கிறார். மூன்றாவதில் எழுத்துக்கூட்டல் மாறும்: முத்தையாவின் ஆங்கில வடிவத்தில் கடைசியில் எச் உண்டா இல்லையா, லெட்சுமணனா லக்ஷ்மணனா, ழகரத்துக்கு எந்த எழுத்து. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று என்று இருப்பது நம் வீடுகளில் சகஜம். திருமணத்துக்குப் பிறகு முதலெழுத்தை மாற்றிக்கொள்ளும் பெண்களுக்கு நான்காவது பிரிவும் சேரும்.

மேலே சொன்ன ஒன்பது கட்டுரைகளையே எடுத்து இரு பெயர்களின் கீழ் பிரித்துப் பாருங்கள். 41, 15, 6, 3, 0 ஒரு பக்கம். 22, 9, 6, 1 மறுபக்கம். முதலாமவருக்கு எச் 3, இரண்டாமவருக்கும் எச் 3. எச் 6 உள்ள ஆய்வாளர் எங்கும் இல்லை. பதவி உயர்வுக் குழுவோ புலமைப்பரிசில் குழுவோ ஸ்கோப்பஸில் ஒரு தடவை தேடிவிட்டு முதலில் வரும் பதிவைத்தான் எடுக்கும்.

முதல் கட்டுரைக்கு முன்பே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வடிவத்தைத் தீர்மானியுங்கள். அடையாள அட்டையோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டிய கட்டாயம் சஞ்சிகைகளில் இல்லை. ஆனால் கட்டுரைக்குக் கட்டுரை மாறக்கூடாது. முதலெழுத்தை மட்டும் போடாமல் தகப்பன் பெயரை விரித்து எழுதுவது நல்லது. 'எம் சிவகுமார்' தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எத்தனை பேர் என்று யோசித்தால் காரணம் விளங்கும். இணை ஆசிரியர்களுக்கு அந்த வடிவத்தை எழுத்தில் அனுப்புங்கள், அச்சுப் படியைத் திருத்தும்போது முதலில் உங்கள் பெயரைப் பாருங்கள், பிறகு மற்றதை.

அடுத்தது ஓர்கிட். 2012 இல் தொடங்கிய இலவச அடையாள எண், 16 இலக்கம், கடைசி இடத்தில் எக்ஸ் எழுத்து வந்தாலும் தவறில்லை. பதிவு செய்யச் சில நிமிடம் போதும். பதிவு செய்யும்போது பல்கலைக்கழக மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் கட்டாயம் சேருங்கள். பட்டம் முடிந்து பல்கலைக்கழகக் கணக்கு மூடப்பட்டால், கடவுச்சொல்லை மீட்க வழியில்லாமல் பலர் இரண்டாவது ஓர்கிட் எடுத்து மீண்டும் இரண்டாகப் பிரிகிறார்கள். 'வேறு பெயர்கள்' என்ற பகுதியில் உங்கள் பெயரின் பழைய எழுத்துக்கூட்டல் அத்தனையையும் எழுதுங்கள். தமிழ் எழுத்திலும் எழுதலாம், ஏற்றுக்கொள்ளும். பிறகு படைப்புகள் பகுதியில் தேடி இணைக்கும் வசதி வழியாக ஸ்கோப்பஸையும், கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணைப் பதியும் குரொஸ்ரெஃபையும் இணையுங்கள். குரொஸ்ரெஃபுக்குத் தானாகச் சேர்க்கும் அனுமதி கொடுத்துவிட்டால், சமர்ப்பிக்கும்போது ஓர்கிட் எண்ணைக் கொடுத்த கட்டுரைகள் வெளிவந்ததும் பட்டியலில் தாமே வந்து சேரும். பார்வை அமைப்பை 'எல்லோருக்கும்' என்று மாற்ற மறக்காதீர்கள். பூட்டிய பட்டியலால் பயனில்லை.

ஸ்கோப்பஸில் ஏற்கனவே இரண்டாகப் பிரிந்திருந்தால் பணம் கட்டாமலே திருத்தலாம். ஆசிரியர் தேடலில் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் தேடி, உங்களுடைய பதிவுகளைத் தெரிந்து, ஒன்றாக்கும் கோரிக்கையை அனுப்புங்கள். பிறருடைய கட்டுரை உங்கள் பதிவில் கலந்திருந்தால் அதையும் அப்போதே நீக்கச் சொல்லுங்கள். சில வாரம் பொறுத்துப் பார்த்து, மாறாவிட்டால் மீண்டும் எழுதுங்கள்.

கூகுள் ஸ்கொலரில் ஆபத்து நேரெதிர். அது உங்கள் பெயரை ஒத்த யாருடைய கட்டுரையையும் கேட்காமல் சேர்க்கும். அமைப்பில் போய்த் 'தானாகப் புதுப்பிக்காதே, மின்னஞ்சலில் கேள்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். முன்பதிப்பும் அச்சான வடிவமும் இரண்டு வரியாகக் கிடந்தால் இரண்டையும் குறியிட்டு ஒன்றாக்குங்கள். சுயவிவரத்தில் பல்கலைக்கழக மின்னஞ்சலை உறுதிசெய்தால்தான் தேடலில் வெளிப்படும். வேறொருவரின் இயந்திரவியல் கட்டுரை 200 மேற்கோளோடு உங்கள் பட்டியலில் இருப்பதைக் கண்டும் விட்டுவைத்தால், நேர்முகத்தில் கேட்கிறவர் அதைத் தெரியாமல் நடந்த பிழை என்று எடுக்கமாட்டார்.

நிறுவனப் பெயரும் இப்படியே சிதறும். 'டீ ரிசர்ச் இன்ஸ்டிடியூட்' என்று மட்டும் எழுதினால் சீனத்தின் ஹாங்சோவிலும் இந்தியாவின் வால்பாறையிலும் கென்யாவின் கெரிச்சோவிலும் அப்படி நிலையங்கள் இருக்கின்றன. இலங்கை, தலவாக்கலை என்று முழுதாக எழுதவேண்டும், ஊரின் ஆங்கில வடிவத்தில் எல் ஒன்றா இரண்டா என்பதையும் நிலையத்தின் வழக்கத்தோடு ஒத்துக்கொள்ளவேண்டும். பேராதனையில் இன்னும் சிக்கல். கன்னொறுவையின் ஆராய்ச்சி நிலையங்கள் அரசின் விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்தவை, விவசாய பீடம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இரண்டும் பேராதனைப் பகுதியிலேயே இருப்பதால் முகவரியில் கலந்துவிடுகின்றன. பட்டப்பின்படிப்பு விஞ்ஞான நிறுவனத்தில் பதிவு செய்து, ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறவர் இரண்டையும் தனித்தனி முகவரியாகக் கொடுக்கவேண்டும். ஒரே வரியில் நெருக்கினால் தளம் ஒன்றை மட்டுமே எண்ணும்.

சஞ்சிகையின் எண்

தாக்கக் காரணி சஞ்சிகையின் எண், ஆளின் எண் அல்ல. ஒரு சஞ்சிகை 2022 இல் 60, 2023 இல் 40 கட்டுரைகள் வெளியிட்டது, அந்த நூறுக்கும் 2024 இல் 250 மேற்கோள் வந்தது என்றால் அதன் 2024 தாக்கக் காரணி 2.5. அந்த 250 உம் சில கட்டுரைகளுக்கே குவிந்திருக்கும், பாதிக்கு மேற்பட்டவை சராசரிக்குக் கீழே கிடக்கும். ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற சஞ்சிகையின் காரணி 2008 இல் 2 அளவில் இருந்து 2009 இல் 49.9 க்கு ஏறியது. காரணம், படிகக் கட்டமைப்பைக் கணிக்கும் ஷெல்எக்ஸ் மென்பொருள் பற்றி ஷெல்ட்ரிக் 2008 இல் எழுதிய ஒரே கட்டுரை. அந்த வருடம் அதில் எழுதிய மற்றவர்கள் திடீரென்று இருபது மடங்கு நல்ல விஞ்ஞானிகள் ஆகிவிடவில்லை. உயிரணு உயிரியலாளர்களே 2012 டிசெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடி, ஆளை மதிப்பிடச் சஞ்சிகையின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தாதீர்கள் என்ற டோரா பிரகடனத்தை எழுதியது இதனால்தான்.

இந்த எண் மீதுள்ள ஆசையில்தான் போலிச் சஞ்சிகைகள் பிழைக்கின்றன. 'மதிப்புக்குரிய பேராசிரியரே' என்று இளங்கலை மாணவருக்கு மின்னஞ்சல் வரும், மூன்று நாளில் ஏற்பு, பிறகு டொலரில் கட்டணம். தாக்கக் காரணி 6.8 என்று முகப்பில் எழுதியிருக்கும். உண்மையான காரணியைக் கணிப்பது வெப் ஒஃப் சயன்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் மட்டும். அவர்களின் மாஸ்டர் ஜேர்னல் லிஸ்ட் இலவசம், சஞ்சிகையின் ஐஎஸ்எஸ்என் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஸ்கோப்பஸின் மூலப் பட்டியலும் இலவசம், அதில் எந்த வருடம் வரை உள்ளடக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். நீக்கப்பட்ட சஞ்சிகைகள் 'ஸ்கோப்பஸில் உண்டு' என்று பழைய பெருமையைத் தொடர்ந்து சொல்லும். உண்மையான சஞ்சிகையின் பெயரையும் எண்ணையும் களவாடிய போலி இணையத்தளங்களும் உண்டு. ஆகவே முகவரியைப் பட்டியலிலிருந்தே திறவுங்கள், மின்னஞ்சலில் வந்த இணைப்பிலிருந்து அல்ல. தோட்டத்துச் சம்பளத்தில் படிக்கவைத்த வீட்டுப் பணம் அந்தக் கட்டணத்தில் போவதைப்போல வயிறெரியும் காரியம் வேறில்லை.

மேற்கோள் எல்லாம் பாராட்டும் அல்ல. சாதாரண உயிரணுவை அமிலத்தில் இட்டே முதல்நிலை உயிரணுவாக மாற்றலாம் என்று 2014 ஜனவரியில் நேச்சரில் வந்த ஸ்டாப் உயிரணுக் கட்டுரைகள் அதே ஆண்டு ஜூலையில் மீளப்பெறப்பட்டன. அவற்றுக்கு வந்த மேற்கோள்களில், செய்து பார்த்தோம் வரவில்லை என்று சொன்னவையும் உண்டு. உங்கள் மேற்கோள் பட்டியலில் மீளப்பெறப்பட்ட கட்டுரை இருக்கிறதா என்று சொட்டேரோ மென்பொருள் தானாகவே எச்சரிக்கும். சமர்ப்பிக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

உங்கள் கட்டுரையைப் பிறர் எடுத்தாள

பிரைமர் வரிசையை முழுதாக, திசை குறிப்பிட்டு எழுதுங்கள். பிசிஆரின் வெப்பநிலை, நேரம், சுற்று எண்ணிக்கை, மக்னீசியம் செறிவு எல்லாம் இருக்கவேண்டும். 'சிறிய மாற்றங்களுடன் முன்பு விவரித்தபடி' என்ற வரி வாசகரைத் துரத்திவிடும். அந்தச் சிறிய மாற்றம் என்ன என்பதுதான் அவருக்கு வேண்டியது. பெற்ற வரிசைகளை ஜென்பாங் என்ற பொது வரிசைக் களஞ்சியத்தில் வைத்து அணுகல் எண்ணைக் கட்டுரையில் கொடுங்கள். வேறு நாட்டு ஆய்வாளர் ஒருவர் பிளாஸ்டில் தேடும்போது உங்கள் வரிசை வந்தால் கட்டுரையும் கூடவே போகும். ரியல் டைம் பிசிஆர் என்றால் 2009 இல் வந்த மைக்கி வழிகாட்டியின்படி ஒப்பீட்டு மரபணு எது, வினைத்திறன் எவ்வளவு என்று சொல்லுங்கள். தேயிலை இனத்தின் பெயரை டிஆர்ஐ 2025 என்பதுபோல நிலையத்தின் எண்ணோடு எழுதவேண்டும், தோட்டத்தில் அழைக்கும் பெயர் வெளியே யாருக்கும் தெரியாது. தலைப்பில் பயிரின் இலத்தீன் பெயர், நோயாக்கியின் பெயர், முறையின் பெயர் மூன்றும் வந்தால் தேடலில் சிக்கும்.

உங்கள் மேற்கோள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் டிஓஐ எண் கொடுங்கள். குரொஸ்ரெஃபின் இலவசத் தேடலில் பட்டியலை அப்படியே ஒட்டினால் எண்களைத் தேடித்தரும். டிஓஐ இல்லாத பழைய உள்ளூர்க் கட்டுரைகளின் மேற்கோள்கள் பெரும்பாலும் தளங்களில் இணையாமல் தொலைகின்றன. அவற்றை எழுதியவர்கள் நம் முன்னோடிகள், ஆகவே சஞ்சிகைப் பெயரைச் சுருக்காமல் முழுதாக எழுதுங்கள்.

விண்ணப்பத்தில் பட்டியலைப் போடும்போது முழுக் கட்டுரைகளை ஒரு தலைப்பிலும், ஆய்வு அமர்வுகளில் வந்த சுருக்கங்களை வேறு தலைப்பிலும் பிரியுங்கள். கலந்தால் முழுக் கட்டுரைக்கும் மதிப்புக் குறையும். உங்கள் பெயரைத் தடித்த எழுத்தில் காட்டி, சம பங்களிப்பு இருந்தால் குறியிடுங்கள். 'சமர்ப்பிக்கப்பட்டது' என்பதை 'அச்சில்' என்று எழுதவே கூடாது. முக்கியமான மூன்று கட்டுரைகளின் கீழ் ஒவ்வொரு வரி: நீங்கள் செய்தது என்ன, யார் அதைப் பயன்படுத்தினார். கடைசியில் ஓர்கிட் எண், அதன் பின் மேற்கோள் 103, எச் சுட்டெண் 6, கூகுள் ஸ்கொலர், எடுத்த திகதி. பக்கத்திலேயே அதே நாளில் ஸ்கோப்பஸில் எடுத்தது.